சித்தி வாங்கிய அண்டா

அம்மா ஐப்பசிக் கணக்கைப் புரட்டாசியிலேயே எழுதி முடித்துவிடுவாள். நாற்பது பக்க நோட்டு, நடுவே பென்சில் கோடு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வரவில் எழுத அதிகம் இருக்காது. அப்பாவின் சம்பளம், அதோடு முதலாளி கொடுக்கும் தீபாவளிப் படி. அப்பா விருதுநகரில் ஒரு பருப்புக் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பருப்பும் மல்லியும் வத்தலும் எண்ணெயும் விலை பேசப்படுகிற ஊர் அது. பத்திரிகைகளில் ‘விருதுநகர் சந்தை நிலவரம்’ என்று வரும் பட்டியலை எங்கெங்கோ இருக்கிற வியாபாரிகள் எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வருமுன்பே நிலவரம் வந்துவிடும். உளுந்து ஏறினால் அன்றைக்கே வடை இளைத்துவிடும்.

செலவுப் பக்கத்தில் துணி முதலில் வரும். அடுத்து பலகாரத்துக்கு எண்ணெய், மாவு, சீனி. அப்புறம் செய்முறை. செய்முறைக்கென்று தனி நோட்டும் உண்டு. யார் வீட்டுச் சடங்குக்கு நாம் என்ன செய்தோம், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று வருசவாரியாக இருக்கும். சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்காவது தலைத்தீபாவளி என்றால் அந்த வருசம் அம்மாவின் முகமே மாறிவிடும். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்க வேண்டும், மோதிரத்துக்கு நம் பங்கு என்ன என்று பேச வேண்டும். நோட்டைப் புரட்டி, ‘அவங்க அப்ப அம்பத்தொண்ணுதான் செஞ்சாங்க’ என்பாள். பிறகு நூற்றியொன்று செய்வாள். நோட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடச் செய்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். அத்தனை சிக்கனக்காரி அந்த ஒரு இடத்தில் மட்டும் தன் கணக்கைத் தானே மீறுவாள்.

கடைசி வரி ‘வெடி’. மற்றதெல்லாம் கழித்து மிஞ்சியது எதுவோ அதுதான் வெடிக்கு. பல வருசம் அந்த வரிக்கு நேரே தொகை இருக்காது, சின்னதாக ஒரு கோடு இருக்கும். சிவகாசி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத் தூரம். நாடு வெடிக்கிற வெடியில் பத்தில் ஒன்பது பங்கு செய்கிற ஊர்ப் பக்கத்தில் பிறந்துவிட்டு, ஒரு சீனிவெடிப் பாக்கெட்டுக்காக அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

சிக்கனம் எங்கள் ஊருக்குப் பெருமைக்குரிய சங்கதி. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1954க்கும் 1963க்கும் இடையில், விருதுநகர் வீட்டில் இருந்த தாய் சிவகாமி அம்மாளுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார் என்று சொல்வார்கள். வருகிறவர்கள் போகிறவர்களுக்குச் சோடா, கலர் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, 150 ஆக்கினால் நல்லது என்று அந்தம்மா கேட்டாராம். மகன் முடியாது என்றுவிட்டாராம். பள்ளிக்கூட மேடையில் பேச்சுப் போட்டிக்கு ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் இதைச் சொல்வோம், கைதட்டு விழும். இப்போது நினைத்தால் என் மனசு சிவகாமி அம்மாள் பக்கம்தான் போகிறது. முதலமைச்சரைப் பெற்றவளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தண்ணீரை மட்டும் கொடுத்து அனுப்ப எந்த வீட்டுப் பொம்பளைக்கு மனசு வரும்? சிக்கனத்தின் புகழ் மகனுக்குப் போனது. சோடாக்கடைப் பாக்கி தாய் தலையில் நின்றது.

காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. அது வளர்ந்தது பிடி அரிசியில். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள், அதை வாங்கிச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்த மகமையும் சேர்ந்தது. கை நிறையக் கொடுக்கும் தர்மத்தைவிட, உலையிலிருந்து தினம் ஒரு பிடியை ஒதுக்குகிற இந்தப் பழக்கத்தின் மேல்தான் எங்கள் ஊருக்கு நம்பிக்கை. அம்மாவும் ஒதுக்குவாள். கடுகு டப்பாவில் சில்லறை, அரிசிப் பானைக்குள் நோட்டு, பருப்பு டப்பாவுக்கு அடியில் எதற்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு முடிச்சு.

இப்படி ஒதுக்கியே வளர்ந்த அம்மாவுக்குத் தன் தங்கச்சி குடும்பம் நடத்துகிற விதம் கடைசிவரை பிடிபடவில்லை.

சித்தியைச் சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு ஆபீஸ். எங்கள் பக்கம் ஆலை, தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாம் ஆபீஸ்தான். அதிகாலையில் கம்பெனி வண்டி வந்து தெரு முனையில் நிற்கும். தூக்குச்சட்டியோடு ஏறினால் பொழுது சாய இறங்குவாள். திரி வெட்டுவது, சரம் பின்னுவது, கட்டுக் கட்டிப் பொட்டலம் போடுவது என்று கை ஓடுகிற வேலை. இத்தனைக்கு இவ்வளவு என்று கூலி. மழை வந்தால் வெயிலில் காய வேண்டியது காயாது, வேலை இல்லை, கூலியும் இல்லை. சனிக்கிழமை சம்பளம். சம்பளம் வாங்கி வரும் வழியிலேயே வாரவட்டிக்காரன் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்பான்.

அப்பாவின் சம்பளம் ஒண்ணாம் தேதி பிறந்தால் வந்துவிடும். அம்மாவின் பென்சில் கோடு அந்த ஒண்ணாம் தேதியின் மேல்தான் நின்றது. சித்தியின் வருமானத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஓவர்டைமும் சேர்ந்து ஓடும், நடுவில் நாலு நாள் தூறல் போட்டால் நின்றுவிடும். இதற்கு எந்த நோட்டில் கோடு போடுவது?

தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டுவாடா நடக்கும். ஆபீஸ் வாசலில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூடவே ஒரு இனிப்புப் பொட்டலம், ஒரு கிஃப்ட் பாக்ஸ். அன்றைக்குச் சாயங்காலம் சிவகாசி ரதவீதியில் நடக்க முடியாது. வருசம் முழுக்க ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் இருந்த சனம் அத்தனையும் ஒரே நேரத்தில் கடைத்தெருவுக்கு வந்துவிடும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாம் நடுராத்திரி வரை திறந்திருக்கும்.

சித்தி மறுநாள் எங்கள் வீட்டுக்கு வருவாள். எல்லோருக்கும் துணி, அம்மாவுக்குச் சேலை, எனக்குக் கிஃப்ட் பாக்ஸ். ஒரு வருசம் கழுத்து அகன்ற பித்தளை அண்டா வாங்கியிருப்பதாகச் சொன்னாள். அதற்கு முந்தின வருசம் பித்தளைக் குடம். இன்னொரு வருசம் தாம்பாளம்.

‘ஏண்டி, வாடகை வீட்டுல குடியிருக்க. அண்டாவுல தண்ணி புடிச்சு வைக்க எடமிருக்கா?’ என்று அம்மா கேட்பாள்.

‘இருந்துட்டுப் போகுதுக்கா’ என்று சித்தி சிரிப்பாள்.

அவள் பஸ் ஏறிய பிறகு அம்மா அப்பாவிடம் புலம்புவாள். ‘துட்டு வந்தா நிக்காது. கையில ஓட்டை.’ அப்பா எதுவும் சொல்ல மாட்டார். நான் திண்ணையில் கிஃப்ட் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருப்பேன். குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, சாட்டை, பாம்பு மாத்திரை. எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் வெடிக்கு நேரே கோடு விழுந்த காரணம் இந்தப் பெட்டிதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. ஓட்டைக் கை கொடுத்ததை வரவில் எழுதாமல், செலவை மட்டும் மிச்சப்படுத்திக்கொண்டது எங்கள் வீட்டுச் சிக்கனம்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சினிமா நடிகர் படமோ குழந்தை படமோ இருக்கும். உள்ளே இருபத்தொரு அயிட்டம், இருபத்தைந்து அயிட்டம் என்று எண்ணிக்கைதான் அதற்குப் பெயர். எண்ணிக்கை கூட வேண்டும், விலை கூடக் கூடாது என்பதால் உள்ளே போவது பெரும்பாலும் சின்னச் சாமான்கள். வாங்குகிறவன் வெடிக்கிறானோ இல்லையோ, கொடுக்கிறவன் கொடுத்தான் என்று தெரிய வேண்டும். அதற்குப் பெட்டிதான் வசதி. பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் முதலாளி தனித்தனியாகப் பட்டாசு தேர்ந்தெடுத்துக் கொண்டிருக்க முடியுமா? பத்துப் பெட்டி வாங்கி அடுக்கிவிட்டால் தீர்ந்தது.

பெட்டி மேல் அச்சடித்திருக்கும் விலை இன்னொரு வேடிக்கை. சிவகாசிச் சாலையில் இப்போது போனால் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்திருப்பார்கள். ஆயிரம் ரூபாய்ச் சரக்கு இருநூறுக்கு வருகிறதென்றால் ஆயிரம் என்பது விலையே இல்லை, தள்ளுபடி காட்டுவதற்காகப் போட்ட எண். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, எட்டாயிரம் மிச்சம் பண்ணியதாகச் சந்தோஷமாகப் போவார்கள். பருப்புக் கடைக் கணக்குப்பிள்ளை வீட்டுக்காரியான அம்மாவிடம் இந்தப் பாச்சா பலித்ததில்லை. ‘தள்ளுபடியப் பாக்காத, கையவிட்டுப் போற துட்டப் பாரு’ என்பாள். இதில் வரியும் உண்டு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம் போட்டார்கள், அந்த வருசக் கடைசிக்குள் 18 ஆகக் குறைத்தார்கள்.

பட்டாசுக் கடைகளில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவார்கள். சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருசக் காலண்டருக்கான ஆல்பம் வெளிவருவதும் அன்றைக்குத்தான். மற்ற ஊரில் ஆடி என்றால் தள்ளுபடி மாதம். எங்கள் பக்கம் அன்றைக்கே தீபாவளியும் புத்தாண்டும் பிறந்துவிடும். காலண்டரும் அன்பளிப்புதான். மளிகைக் கடைக்காரர் கொடுப்பார், நகைக்கடைக்காரர் கொடுப்பார், எந்தக் கடையில் நமக்குக் காலண்டர் கிடைக்கிறது என்பதை வைத்து ஊரில் நம் மரியாதையை அளந்துவிடலாம். அம்மாவுக்கு மாதக் காலண்டர்தான் உசத்தி. கட்டத்துக்குள் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுக் கட்டிய தேதி எல்லாம் எழுதுவாள். தினசரித் தாளைக் கிழித்தால் அதன் பின்பக்கம் மளிகைச் சிட்டை. கடைக்காரர் கொடுத்த காலண்டரின் முதுகில் அதே கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி.

விருதுநகரில் தீபாவளியைக் காட்டிலும் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் பெரிசு. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் பங்குனிக்கு வந்துவிடுவார்கள். அக்கினிச்சட்டி, தேர், பொருட்காட்சி, வீடு நிறைய விருந்தாட்கள். அம்மாவின் நோட்டில் ஐப்பசிக்கு ஒரு பக்கம் என்றால் பங்குனிக்கு இரண்டு பக்கம். அப்படி ஒரு பங்குனியில் சித்தி அந்தப் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். இத்தனை விருந்தாளுக்கு எங்கள் வீட்டில் பாத்திரம் பற்றாது என்று அவளுக்குத் தெரியும். விளக்கிக் கவிழ்த்தபோது அண்டாவின் அடியில் சாயத்தில் ஏதோ எழுதியிருந்தது. எண் மாதிரி இருந்தது. ‘என்ன சித்தி இது?’ என்றேன்.

‘அடகுக்கடை நம்பரு’ என்றாள், ஒளிக்காமல்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அல்லது அப்போது பாதியும் பிறகு பல தடவையாக மீதியும் சொல்லியிருப்பாள், எனக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து நினைவிருக்கிறது. தீபாவளி முடிந்தால் ஆபீஸ் அடைப்பு. விற்ற சரக்குக்கு வெளி மாநிலத்து வியாபாரி பணம் அனுப்ப வேண்டும், கணக்கு முடிய வேண்டும், அடைமழை ஓய வேண்டும். அதற்குப் பிறகுதான் பூஜை போட்டுத் திறப்பார்கள். ஒரு மாதம் ஆகும், சில வருசம் கூடவும் ஆகும். நாடெங்கும் பண்டிகை முடிந்து அலுப்பில் தூங்குகிற நேரத்தில் சிவகாசியில் அடுப்புக் கவலை தொடங்கும். அப்போது குடத்தைக் கொண்டுபோய் வைப்பாள். குடம் போதாவிட்டால் தாம்பாளம். அதுவும் போதாவிட்டால் அண்டா. வேலை தொடங்கி நாலு சனிக்கிழமை போனதும் ஒவ்வொன்றாக மீட்பாள். பங்குனிக்குள் அண்டா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த கெடு.

‘துட்டாவே வச்சுக்கிட்டா வட்டி மிச்சம்ல?’ என்று அம்மா கேட்டாள்.

‘துட்டு இருந்தா ஆளுக்காள் கேப்பாங்கக்கா. அவுக கேப்பாக, மாமியா கேக்கும், பக்கத்து வீட்டுல கேப்பாங்க. இல்லைன்னு சொல்ல முடியாது. அண்டாவ யாரும் கைமாத்தாக் கேக்க மாட்டாங்க.’

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. வட்டி கொடுப்பது அவளுக்குப் பாவம் செய்வது மாதிரி. இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நான் சித்தி பக்கம். அம்மாவின் பருப்பு டப்பா முடிச்சும் சித்தியின் அண்டாவும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. சித்தியின் சேமிப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் ஊதாரித்தனம் என்று பெயர் வாங்கியது.

1965ஆம் வருசத்துப் போனஸ் சட்டத்தைப் பின்னாளில் படித்தபோது அதில் ஒரு எண் என்னை நிறுத்தியது. குறைந்தபட்சப் போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதக் கூலி. சிவகாசியில் அடைப்பும் ஏறக்குறைய ஒரு மாதம். பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆனால் நடுவில் தீபாவளி என்று ஒன்று இருக்கிறதே. துணி, பலகாரம், செய்முறை, பிள்ளைகளுக்கு வெடி எல்லாம் அந்த ஒரு மாதக் கூலியில்தான் கழிய வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதில் ஒரு மாதம் சாப்பிட வேண்டும். குறைந்தபட்சம் வாங்குகிற வீட்டில் இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கும். கூடப் போட்டுக் கொடுக்கிற முதலாளிகள் உண்டு, கூலியாட்கள் ஆபீஸ் மாறுவதே பல சமயம் அதற்காகத்தான்.

சித்தி சீட்டும் போட்டுப் பார்த்தாள். தெருவில் யாராவது ஒருத்தி தீபாவளிச் சீட்டுப் பிடிப்பாள். வாரம் இவ்வளவு கட்டினால் ஐப்பசியில் எண்ணெய், மாவு, இனிப்பு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு பெட்டி வெடி. நல்லபடியாக நடத்தியவர்கள் நிறைய. பணத்தோடு ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. பெரிய அளவில் இதே வேலையைச் செய்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏமாற்றிய சேதி வருசா வருசம் தமிழ்நாட்டில் எங்காவது ஒரு மூலையிலிருந்து வருகிறது. முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019இல் மத்தியச் சட்டமே வந்தது. தெருச்சீட்டுக்காரியிடம் பதிவெண் கேட்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது? பித்தளை விலை போகாமல் போனதும் சித்தி தங்கத்துக்கு மாறினாள். பதினோரு மாதம் கட்டுகிற நகைச்சீட்டில் சேர்ந்து ஒரு ஜோடிக் கம்மல் எடுத்தாள். கம்மலும் கார்த்திகையில் அண்டா போன வழியிலேயே போய், அண்டா வந்த வழியிலேயே திரும்பி வந்தது.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்ததில் கிட்டத்தட்ட நாற்பது பேர் செத்துப்போனார்கள். முதல் வெடிக்குப் பிறகு உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது, ஆர்டர் மும்முரமாக இருக்கும் நேரம். சித்தி மகள் அதன் பிறகு அவளை வேலைக்குப் போகவிடவில்லை. போகாமல் இருக்க முடிந்தது மகள் ஆசிரியை ஆகிவிட்டதால். அப்படி ஒரு ஒண்ணாம் தேதிச் சம்பளம் இல்லாத வீடுகளிலிருந்து அடுத்த வாரமே தூக்குச்சட்டிகள் வண்டி ஏறின.

2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. பசுமைப் பட்டாசு மட்டும், இரண்டு மணி நேரம் மட்டும் என்றது. காற்றைப் பற்றிய கவலை நியாயமானது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்குப் பிறகு அடைத்த ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. சரம் பின்னுவது மட்டுமே தெரிந்த பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரு மாதத்துக்கென்று கணக்குப் போட்ட அண்டா நாலு மாதத்துக்கு எப்படி வரும்? பிறகு 2020இல் கொரோனா, அந்த வருசத் தீபாவளி நெருங்கும்போது ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி என்று ஒவ்வொரு மாநிலமாகத் தடை. குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டுகிற பெண்கள் ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டினார்கள்.

பண்டிகைச் செலவைப் பற்றி யாராவது அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது. ஒதுக்கி வையுங்கள், பட்டியல் போடுங்கள், வெடியைக் குறையுங்கள் என்பார்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அறிவுரை, சித்திக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லாத அறிவுரை. வருமானம் வருகிற விதத்தைத் திருத்தாமல் செலவு செய்கிற விதத்தை மட்டும் திருத்தச் சொல்வது, சோடாவுக்குக் காசு கேட்ட தாயிடம் சிக்கனம் பேசிய கதைதான்.

செய்யக்கூடியது இருக்கிறது, பக்கத்திலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளுக்குத் தமிழ்நாட்டு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023இல் அறிவித்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால மாதங்களில் வேலை இல்லை என்பதால் குடும்பத்துக்கு 5,000 கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மீனவர்களுக்கான சேமிப்புடன் கூடிய நிவாரணத் திட்டம். அவர்கள் 1,500 ரூபாய் சேர்த்தால் அரசுகள் 3,000 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. சித்தி தெருவில் கட்டிய சீட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சீட்டுப் பிடிக்கிறவர் ஊரைவிட்டு ஓட மாட்டார், அவ்வளவுதான். தீபாவளிக்கும் ஆலை திறப்புக்கும் நடுவில் உள்ள அந்த நாட்களுக்குப் பட்டாசுத் தொழிலாளிக்கும் இப்படி ஒன்று வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் உள்ள மாவட்டத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்ற பதிவேடு ஒவ்வொரு ஆபீசிலும் இருக்க வேண்டும். அடைப்பு எந்த மாதம் வரும் என்பது காலண்டர் அச்சடிக்கிற ஊருக்குத் தெரியாததா? மாவட்ட நிர்வாகமும் ஆலை உரிமையாளர்களும் அடுத்த ஆடிப்பெருக்குக்குள் உட்கார்ந்து பேசட்டும்.